நாற்பது கேலன்

ஆதம் ஊருக்கு வெளியே நீர் நிரப்பும் நிலையத்தில்
விடியுமுன்னே பதினேழு வண்டிகள்.
நீலம் குடிநீருக்கு.
பச்சை மரங்களுக்கு.
மஞ்சளைப் பற்றிக் கேட்காதீர்கள்,
அதை ஓட்டுகிறவனும் என் அறையில்தான் தூங்குகிறான்,
நன்றாகக் குளித்துவிட்டு.

என்னுடையது நீலம். ஐயாயிரம் கேலன்.
போன வாரம் இது கடலாயிருந்தது.
உப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு
குழாய்க்குள் மலை ஏறி இறங்கி
இங்கே வந்து என் முறைக்காகக் காத்திருக்கிறது.
மூடியைத் திறந்து குழாயைச் சொருகும் தாத் முகம்மது
தினமும் சொல்வான்:
"உன்னைவிட நாகரிகமான தண்ணீர். மெதுவாகப் போ."

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
டேங்கர் ஓட்டியிருக்க வேண்டும்.
நிறைந்த தொட்டி முதுகுக்குப் பின்னால்
பாறை போல உட்கார்ந்திருக்கும்.
பாதித் தொட்டிதான் பேய்.
நான் பிரேக்கை அழுத்தி நின்ற பிறகும்
அது நிற்காது,
ஒரு மூச்சு தாமதித்து வந்து அறையும்.
இரண்டு இடத்தில் இறக்கும் நாட்களில்
வாடிப் பள்ளங்களில் நான் யாருடனும் பேசுவதில்லை,
போன் அடித்தால் அடிக்கட்டும்.

தெற்கே நூற்று நாற்பது கிலோமீட்டர்.
மூன்று வருடமாக மழை இல்லை.
ஃபலஜ் கால்வாயின் தரையில்
பையன்கள் சைக்கிள் விடுகிறார்கள்.
கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை.

வால்வின் வாஷர் தேய்ந்து நான்கு மாதம்.
சொட்டு.
ஓடும்போது தாரில் விழுவது
விழுந்ததாகவே கணக்கில்லை.
ஆனால் தொண்ணூற்றாறாவது கிலோமீட்டரில்
ஒட்டகம் குறுக்கே வரும் என்ற பலகையடியில்
டயர் பார்க்க, டீ குடிக்க
கால் மணி நேரம் நிறுத்துவேன்.
அங்கே முதலில் வந்தது ஒரு குருவி.
பிறகு எறும்புகள், எங்கிருந்தோ.
ஏப்ரலில் ஒரு நாள்
என் உள்ளங்கை அகலத்துக்குப் புல்.
பெயர் தெரியாது. மிதிக்காமல் இறங்கினேன்.

ஷம்ஸாவின் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்கு ஒரே தொட்டி.
அளவுகோல் அவளுடையது:
இரும்புக் கம்பியில்
சிவப்பு நகப்பூச்சால் கோடுகள்.
வெளியே எடுத்து, ஈரம் நின்ற கோட்டைப் பார்த்து,
"நாற்பது குறைகிறது" என்றாள்.
வெயில் என்றேன்.
"வெயில் இவ்வளவு ஒழுங்காகவா குடிக்கும்?
வாராவாரம் அதே நாற்பது?"

என் சமையலறை அரபியில் சொன்னேன்:
பலகை. பறவை. கொஞ்சம் பச்சை.
அவள் கேட்டது ஒன்றுதான்:
பறவை என்ன நிறம்?
மண் நிறம், என்றேன்.
ரசீதை என் பானெட்டின் மேல் வைத்து
கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினாள்.
சூடு தாளாமல் இரண்டு முறை கையை எடுத்து உதறினாள்.

எனக்கு அரபி படிக்கத் தெரியாது.
புகாராகத்தான் இருக்குமென்று
நூற்று நாற்பது கிலோமீட்டரும்
அந்தத் தாள் பாக்கெட்டில் கனத்தது.
அலுவலகத்தில் கல்ஃபான் வாசித்தான்,
பிறகு எனக்காக உருதுவில்:
"வந்தது நான்காயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
நாற்பது, வழிப்போக்கருக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
இன்னொரு முறை வாசித்தான், தனக்கே.
பின் கால்குலேட்டரைத் தட்டினான்.
நாற்பது கேலன், வாஷர் ஒன்று, கூலி:
சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு பைசா பிடித்தம்.
நாளை முதல் வேலையாகப் பட்டறை.

புது வாஷர். கறுப்பு. இறுக்கம்.
சொட்டு இல்லை.

பலகையடியில் பழக்கத்தால் நிறுத்தினேன்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
பலகையின் மேல் அது உட்கார்ந்து
வண்டியின் வயிற்றைப் பார்த்தது,
என்னை அல்ல.
குனிந்து வால்வைத் தடவினேன், விரல் காய்ந்தே வந்தது.

ஸ்பானர் இருக்கைக்கு அடியில் இருந்தது.
அங்கேயே கிடக்கட்டும் என்றுதான்
முதலில் நினைத்தேன்.